இருபதினாயிரம் படிகளும் ஆறு படிகளும்



அருகப் பெருமானின் திருவடி மலர்களை மனம், மொழி, மெய் என்னும் முக்கரணங்களாலும் வணங்கி, ஞான தானத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற முற்படுகிறோம். ஆகாரம், ஔடதம், அபயம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் இறுதியாக எண்ணப்படும் சாஸ்திர தானத்தை நம்மவர் குறைவறச் செய்து வருகின்றனர். திருமணத்தில் நூல் வழங்குகிறோம். நீத்தார் நினைவாக நூல் அச்சிடுகிறோம். சுருத பஞ்சமியன்று ஏடுகளையும் நூல்களையும் பட்டுத் துணியில் வைத்து அருச்சிக்கிறோம். இவையெல்லாம் நன்றே. ஆயினும் அந்நூலைக் கண்ணால் காண இயலாதவர், கையால் புரட்ட இயலாதவர், அது இருக்கும் இடத்திற்கு நடந்து வர இயலாதவர் ஆகியோருக்கு நம் தானம் எவ்வாறு சென்று சேர்கிறது என்று நாம் கேட்டுக் கொண்டதில்லை.

சமவசரணத்தின் அமைப்பை நம் ஆகமங்கள் விரித்துரைக்கும் இடத்தில் ஒரு செய்தி வருகிறது. தேவர்கள் சமைத்த அத்திருவறம் நிலத்தின்மேல் உயர்ந்து நிற்பது. அதனை அடைய இருபதினாயிரம் படிகள் உண்டு. அப்படிகளைக் கண்ணிலார், கால் முடங்கியோர், பிணியாளர், தள்ளாத முதியோர், பச்சிளங் குழந்தைகள் முதலிய யாவரும் ஓர் அந்தர்முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடத்திற்கும் குறைந்த பொழுதில், வருத்தமின்றி ஏறிவிடுவர் என்பது அச்செய்தி. இதனை அதிசயங்களுள் ஒன்றாகக் கேட்டுத் தலையசைத்துவிட்டு நாம் மேலே சென்று விடுகிறோம். சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். படிகளை அமைத்துவிட்டு, வல்லவர் ஏறி வருக, மாட்டாதவர் கீழே நின்று வணங்குக என்று விட்டிருக்கலாம் அல்லவா? அவ்வாறு விடவில்லை. உள்ளே சென்றபின் பன்னிரண்டு கோட்டங்களில் முனிவரும் தேவரும் மாந்தரும் விலங்குகளும் தத்தமக்குரிய இடத்தில் அமர்கின்றனர். பெருமானின் திவ்வியத்தொனி எழும்போது அவரவர் தத்தம் மொழியில் அதனை உணர்கின்றனர். வாயிலில் தடையில்லை, இருக்கையில் தடையில்லை, மொழியில் தடையில்லை. அறிவு வழங்கப்படும் இடம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை இக்கால நூலகவியலாரும் வகுத்துவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

சீகாழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. அதே 1931-இல்தான் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். மல்லிநாதர் சினாலயம் நிற்கும் மன்னார்குடி நம்மவர்க்கு அந்நியமான ஊரன்று. வாசகர் வர இயலாவிடில் நூல் அவரிடம் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அன்றே நம் மண்ணில் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டது.

இனி, ஆறு படிகளுக்கு வருவோம். ஊர்ப் பெயர் வேண்டா. சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகம் அது. தெருவிலிருந்து ஆறு படிகள் ஏறிச் செல்ல வேண்டும், கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை. உடன் வந்த நண்பர் மூன்று சக்கர வண்டியில் கீழேயே இருந்தார். நாம் மேலே சென்று, நாளிதழ் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தோம். அவருக்கு வேண்டியது நாளிதழ் அன்று. அலமாரியின்முன் நின்று, இது வேண்டுமா, அது வேண்டுமா என்று தாமே துழாவிப் பார்த்தல் வேண்டும் என்றார். அந்தச் சுகத்தை நாம் எவ்வாறு எடுத்து வந்து கொடுப்பது?

இந்நிகழ்ச்சியை ஓர் அன்பரிடம் கூறியபோது அவர், "அது அவர் முன்வினை, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். நம்மிடையே இவ்வாறு கூறுவோர் பலர் உளர். ஆதலின் இதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் இயலாது.

உடலும் பொறிகளும் வினைவழி அமைவன என்பது நம் கொள்கை. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நூலகத்தின் ஆறு படிகளைக் கட்டியது அவருடைய வினையன்று, ஒரு கொத்தனார். வரைபடம் எழுதியவர் ஒருவர், ஒப்பமிட்டவர் ஒருவர், அதனைக் கண்டும் காணாது ஏறிச் சென்றவர் நாம் அனைவரும். பிறனுடைய வினை பயன்கொடுக்கும் இடத்தில் நாம் எவ்வாறு நடந்து கொள்கிறோம் என்பது நம்முடைய புதுவினை. நோயுற்றவனைக் கண்டு, அவன் அசாதா வேதனீயம் அனுபவிக்கிறான் என்று ஔடத தானத்தை நிறுத்தி விடுவோமா? பசித்தவனைக் கண்டு அடுக்களையைப் பூட்டுவோமா? உணவிலும் மருந்திலும் நாம் கூறத் துணியாத சொல்லை நூலில் மட்டும் கூறுகிறோம் என்றால், கல்வியை நாம் உணவாகவும் மருந்தாகவும் எண்ணவில்லை என்றே பொருள்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஞானாவரணீய தரிசனாவரணீய வினைகள் உயிரிடம் வந்து சேர்வதற்குரிய காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பிரதோஷம், நிஹ்னவம், மாத்சரியம், அந்தராயம், ஆசாதனம், உபகாதம் என அவை ஆறு. அறிந்ததை மறைத்தல் நிஹ்னவம். மற்றவர் அறிந்துவிடலாகாது என்னும் அழுக்காற்றால் கொடாதிருத்தல் மாத்சரியம். ஒருவர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தல் அந்தராயம். இவற்றை நாம் ஆசிரியர், மாணாக்கர் தொடர்பிலேயே வைத்துப் படித்து வந்துள்ளோம். ஒரு கட்டடமும், ஓர் எழுத்துருவும், பூட்டிய ஓர் அலமாரியும்கூட அந்தராயம் ஆகலாம். வேண்டுமென்று செய்யவில்லையே என்று கேட்கலாம். நம் நெறியில் பிரமாதம் என்னும் மறதியும் அசட்டையும் குற்றத்தினின்று விலக்கப்பட்டவை அல்லவே! நடக்கும்போது எறும்பைப் பார்த்து அடிவைக்கக் கற்றவர் நாம். வாயிலில் நிற்கும் மனிதரைப் பார்க்கக் கற்க வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். ஞானம் கண்ணின் குணமன்று, காதின் குணமன்று, உயிரின் குணம். ஓரறிவுடைய நிகோத உயிரிடத்தும் அறிவின் மிக நுண்ணிய ஒரு கூறு எக்காலத்தும் மூடப்படாமல் நிற்கிறது என்பது சித்தாந்தம். அவ்வுயிர்க்கே அப்பெருமையை ஒப்புக்கொண்ட நாம், ஐம்பொறியுள் ஒன்று குன்றிய மனிதரைக் கல்விக்குப் புறம்பானவர் என எண்ணுதல் எவ்வாறு பொருந்தும்?

இதற்குச் சான்றாக ஒருவரை நினைவு கூர்தல் நம் கடமை. பண்டித சுகலால் சங்கவி 1880-இல் குஜராத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில் அம்மை நோயால் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். வணிகக் குடும்பம், கண்ணில்லாத மகன் கடையில் அமர இயலாது, அவ்வளவில் அவர் வாழ்வு முடிந்தது என்றே ஊரார் கருதியிருப்பர். அவரோ காசியிலிருந்த யசோவிஜயர் பாடசாலையை அடைந்து வடமொழி இலக்கணமும் தருக்கமும் கற்றார். நவ்விய நியாயம் கற்க மிதிலைக்கும் சென்றார். எல்லாம் செவிவழி. ஒருவர் படிக்க இவர் கேட்பார். கேட்டதை நெஞ்சில் நிறுத்துவார். இவர் சொல்ல ஒருவர் எழுதுவார். சித்தசேன திவாகரரின் சன்மதி தருக்கத்தை அபயதேவரின் பேருரையோடு, பண்டித பேசரதாஸ் தோஷியுடன் இணைந்து அவர் பதிப்பித்தார். பல சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுச் செய்ய வேண்டிய பெரும்பணி அது, கண்ணுள்ளவரும் அஞ்சுவது. பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜைன தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1958-இல் சாகித்திய அகாதெமி விருதும், 1974-இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1978-இல் மறைந்தார். அவர் சுவேதாம்பர மரபினர்; அவருடைய முடிபுகள் சிலவற்றோடு நம் ஆசாரியர்கள் மாறுபடுவர். அது வேறு செய்தி.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, அவருக்குப் படித்துக் காட்டிய நாவுகளை. பெயர் தெரியாத எத்தனையோ மாணாக்கர் பக்கம் பக்கமாக உரக்கப் படித்திராவிடில் சன்மதி தருக்கத்தின் அப்பதிப்பு உருவாகியிராது. சாஸ்திர தானம் என்பது அச்சிட்டுக் கொடுப்பது மட்டுமன்று. படித்துக் காட்டுவதும் அதுவே. சொல்லப்போனால் முந்தியது அதுதான். சுருதம் என்னும் சொல்லுக்கே கேட்கப்பட்டது என்று பொருள். கிரிநகரத்துச் சந்திர குகையில் தரசேனர் சொல்ல, புட்பதந்தரும் பூதபலியும் கேட்டுக் கொண்டதன் பின்னரே சட்கண்டாகமம் ஏட்டில் ஏறியது. அதன் நினைவே சுருத பஞ்சமி. திருக்குறளிலும் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றே ஓர் அதிகாரம் நிற்கிறது.

இப்பொழுது பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கு வருவோம். அப்பகுதியை நாம் தேர்ந்து கொண்டதற்குக் காரணம் உண்டு. 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையரின் இளமைக் கல்வி நடந்தது அங்கேதான். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டார். குன்னத்தில் சில காலம் கற்றார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கற்றார். அக்காரிகையை இயற்றிய அமிதசாகரர் நம் சமண முனிவர். அச்சு நூல் அரிதாக இருந்த காலம் அது. நூல் இருக்கும் வீட்டையும் அதனைச் சொல்லவல்ல புலவரையும் தேடிக் குடும்பமே ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. நூலை அடைவதற்கு இருந்த தடைகள் எத்தகையன என்பதை அவருடைய தன்வரலாற்றைப் படித்தோர் அறிவர். கண்ணும் காலும் நன்றாயிருந்த இளைஞருக்கே அவ்வளவு இடர் என்றால், பிறர் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

அவரே 1880-க்குப் பின் சீவக சிந்தாமணியைப் பொருள் விளங்காமல் கையில் வைத்துக் கொண்டு, கும்பகோணத்து நம்மவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அங்கே சிந்தாமணியை முறையாகப் படித்துக் கேட்கும் வழக்கம் உயிரோடு இருந்தது. சந்திரநாத செட்டியாரும், வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருக்கு நம் சமய மரபுகளை எடுத்துரைத்தனர். வேறு சமயத்தவர் என்று அவர்கள் கதவை அடைக்கவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தமிழுலகம் முழுதும் அதனைப் படித்தது.

இதற்கு எதிரான ஒன்றையும் மறைக்கலாகாது. மறைத்தால் அது நிஹ்னவம் ஆகிவிடும். தவளம், ஜயதவளம் முதலிய சித்தாந்தப் பேருரைகளின் ஓலைச் சுவடிகள் மூடபித்ரியில் நூற்றாண்டுக் கணக்கில் காக்கப்பட்டன. காத்தவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர். ஆயினும் அவை தரிசனத்திற்கு மட்டும் திறக்கப்பட்டன, படிப்பதற்கன்று. தொழுதோர் பல்லாயிரவர், படித்தோர் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கியது. பேராசிரியர் ஹீராலால் ஜைனரின் முயற்சியால் தவளத்தின் முதல் தொகுதி 1939-இல் வெளிவந்தது. நூல் இருந்தும் எட்டாத நிலையை நம் சமுதாயமே இவ்வளவு காலம் நுகர்ந்திருக்கிறது. பார்வையற்ற ஒருவர் நூலகத்தின் நடுவில் நிற்கும்போது உறுவதும் அதுவே.

பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பிரிந்தது. அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகிப் பின் இணைந்து, 2007-இல் மீண்டும் தனித்தது. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் சேர்ந்து 13 இலட்சம் மக்கள். தமிழகம் முழுவதிலும் மாற்றுத்திறனாளிகளாக அன்று பதிவானோர் 11.8 இலட்சம் அளவினர். இரு மாவட்டத் தலைநகரங்களிலும் மாவட்ட மைய நூலகங்கள் உள்ளன. ஊர்ப்புறங்களில் கிளை நூலகங்கள் உள்ளன. ஆனால் பிரெய்ல் நூல்களுக்கும் ஒலி நூல்களுக்கும் தனிப்பிரிவு கொண்ட பெரிய நூலகம் வேண்டுமெனில், 2010-இல் திறக்கப்பெற்ற சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கோ, 2023-இல் திறக்கப்பெற்ற மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கோ செல்ல வேண்டும். பெரம்பலூரிலிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. பார்வையற்ற பெண் குழந்தைக்குத் திருச்சி புத்தூரில் அரசுப் பள்ளி இருக்கிறது. விடுதியில் தங்கி அங்கே பிரெய்ல் கற்ற சிறுமி விடுமுறையில் தன் ஊருக்கு வந்தால், ஊர் நூலகத்தில் அவள் விரலுக்கென்று ஒரு நூலாவது இருக்கிறதா என்பதே நம் கேள்வி. அவள் தந்தையும் வீட்டு வரியோடு நூலக வரி செலுத்துகிறவரே.

பிரெய்ல் முறையை அறியாதார் பொருட்டு ஒரு சொல். பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல், தாமே பார்வையற்றவர், ஆறு புள்ளிகளால் எழுத்தை அமைத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் முடிவு செய்யப்பட்டது. க என்னும் குறியை அடுத்து ஆ என்னும் குறி வந்தால் கா என்று விரல் படித்துக் கொள்ளும். நம் முதல் தீர்த்தங்கரர் தம் மகள் பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தார் என்று போற்றுகிறோம். அவ்வெழுத்துக்குப் பின் வந்த எழுத்துகளுள் இதுவும் ஒன்றெனக் கொள்வதில் பிழையில்லை. அரியலூர் மண்ணில் பழங்கடல் விட்டுச் சென்ற சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகி நீண்டு கிடக்கிறது. அந்நத்தைக் கல்லின் வரிகளை விரலால் தடவிப் படிக்கும் சிறுவன், கண்ணால் பார்த்துச் செல்லும் நம்மைவிட நன்றாகவே படிப்பான் என்று தோன்றுகிறது.

சட்டம் நமக்கு முன்னே சென்றுவிட்டது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் எந்நூலையும் இலாப நோக்கின்றி மாற்றித் தர இசைவு அளிக்கப்பட்டது. 2013-இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதன்முதல் ஏற்றுறுதி செய்த நாடு பாரதமே, ஆண்டு 2014. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் தடையின்மை சலுகையன்று, கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இலும் 2024-இலும் வலியுறுத்தியது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் என்னும் இணைய நூலகத்தில் பன்மொழி நூல்களை உறுப்பினர் பெறலாம். 2023 டிசம்பரில் திருக்குறளும் மணிமேகலையும் உள்ளிட்ட செவ்வியல் நூல்களின் பிரெய்ல் பதிப்புகள் காசியில் வெளியிடப்பட்டன. மணிமேகலை பௌத்த காப்பியம். நீலகேசியும் மேருமந்தர புராணமும் அவ்வாறு விரலுக்கு எட்டும் நாளுக்கு நாம் என்ன செய்தோம்?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். பார்வையற்றோர் இன்று கைப்பேசியிலும் கணினியிலும் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு படிக்கின்றனர். பொருள் கொடுத்து வாங்க இயலாதார்க்கு என்விடிஏ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனைத் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் இருவர். தமிழையும் அவை வாசிக்கும். ஆனால் எழுத்து ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றது. நம்மவர் கணினி அச்சில் வெளியிட்ட நூல்களுள் பல அதற்கு முந்திய பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்டவை. கண்ணுக்கு அழகிய தமிழாகத் தோன்றும் அவற்றை மென்பொருள் பொருளற்ற ஒலிகளாக உளறும். பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பினாலோ அது வாய் திறவாது. வெளியீட்டாளர் தம்மிடமுள்ள பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து வைத்தாலே போதும். மாற்றித் தரும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேலை மெய்ப்பில்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் நம்மிடையே எத்தனை பேர்!

செவித்திறன் குறைந்தோர்க்குச் சொற்பொழிவின் எழுத்து வடிவம் வேண்டும். முதியோர்க்குப் பெரிய எழுத்து வேண்டும். நம் சினாலய மண்டபங்களிலும் நூல் அலமாரி உண்டு, படியும் உண்டு. திருப்பணிக் குழுவினர் அடுத்த திருப்பணியில் ஓரத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடியும் சேர்த்துக் கொள்வது பெருஞ்செலவன்று. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் சரிவு வேண்டும். செங்குத்தாகக் கட்டிய சாய்தளம் வண்டியை உருட்டிவிடும். அதனைக் கட்டாமலே இருக்கலாம்.

ஒலிப்பதிவைப் பற்றி முன்னமே சிலர் ஆர்வம் தெரிவித்துள்ளனர். இசையோடு பாடிப் பதிவு செய்தல் வழிபாட்டிற்கு ஏற்றது; படிப்பதற்கு ஏற்றதன்று. பாட்டை முதலில் நிறுத்தி நிறுத்திப் படித்து, பின் சொற்பிரித்து ஒருமுறை படித்து, அதன்பின் உரையைப் படிக்க வேண்டும். பாட்டின் எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லையேல் கேட்பவர் வேண்டிய இடத்திற்குத் திரும்ப இயலாது. அடிக்குறிப்பை விடலாகாது, அது வரும் இடத்தில் குறிப்பு என்று கூறிப் படிக்க வேண்டும். படிப்பவர் தம் விளக்கத்தை இடையில் கலத்தல் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுக. ஓர் அதிகாரத்திற்கு ஒரு கோப்பு என்று பிரித்துப் பெயரிடுக.

அருங்கலச் செப்பிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணுகிறோம். குறட்பாக்கள் 180, இல்லறத்தார் ஒழுக்கம் முழுதும் அதில் அடங்கும். நல்ல குரலும் தெளிந்த உச்சரிப்பும் உடைய இருவர் இருந்தால் இரண்டு மாலைப் பொழுதுகளில் மூலம் முடிந்துவிடும். உரைக்கு மேலும் சில நாட்கள் ஆகும். முடிந்த பகுதியை முதலில் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் செய்து, எங்கே விளங்கவில்லை, எங்கே விரைந்து போய்விட்டோம் என்று அவர் கூறுமாறு திருத்திக் கொண்டபின், அடுத்ததாக நாலடியாரை எடுத்துக் கொள்ளலாம்.